மோட்டார் ரிப்பேர்

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். பெங்களூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி சேலம், ராசிபுரம், பேளுக்குறிச்சி என்று காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. ஏறுவதற்கு முன் ஒரு டீ என்று வண்டியை ஓரங்கட்டினோம். நாலு பேர், நாலு பேருமே சாஃப்ட்வேர். ரூம் புக் பண்ணியிருந்தது நண்பன். அவன் பெயரில், ஒரு செயலியில், மூன்று வாரத்துக்கு முன்பே, முழுப் பணமும் கட்டி.

டீ வருவதற்குள் ரூம்காரர் போன் செய்தார். மலைமேல் நாலு அறை கட்டி விட்டிருக்கிறார், அவர் இருப்பது கீழே சமவெளியில். நல்ல குரல். எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்று விசாரித்தார், வளைவுகளில் பார்த்து ஏறச் சொன்னார். அப்புறம், "தம்பிக்கு எந்தூருங்க?"

"ஆத்தூர் பக்கமுங்க."

"ஆத்தூர்ல எங்க?"

ஊரைச் சொன்னான்.

"அந்த ஊர்ல எந்தப் பக்கம்? மெயின் ரோட்டு மேலயா?"

"இல்லீங்க, காலனி."

பெங்களூரில் காலனி என்றால் வாசலில் செக்யூரிட்டி, உள்ளே பார்க். சேலம் ஜில்லாவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அது ஊருக்கு வெளியே இருக்கும். "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். இரண்டாவது டீ முடிவதற்குள் மெசேஜ் வந்தது. தண்ணி மோட்டார் ரிப்பேர், ரொம்ப சாரி, வேற இடம் பார்த்துக்குங்க. பின்னாலேயே செயலியிலிருந்து இன்னொன்று: உங்கள் முன்பதிவு ரத்தாகியிருக்கிறது, முழுத்தொகையும் ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் வந்துசேரும்.

எங்கள் தொழிலில் ஒரு பிழை வந்தால் முதலில் செய்வது அதைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பது. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு உள்ளீட்டை மட்டும் மாற்றவேண்டும். நான் அந்த நம்பரை என் போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, இன்னைக்கு ரூம் இருக்குங்களா என்று கேட்டேன்.

"எந்தூருங்க?"

"ராசிபுரம் பக்கமுங்க. ஊருக்குள்ள இல்லீங்க, தோட்டத்துல."

"யாரு தோட்டம்?"

தாத்தா பெயரைச் சொன்னேன். "அட, வாங்க கண்ணு, வாங்க. நாலு பேருதான? காலியாத்தான் இருக்குது."

"தண்ணியெல்லாம் வருதுங்களா?"

"தண்ணிக்கென்ன கண்ணு, கொட்டுது."

நண்பன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "ரீப்ரொட்யூஸ் ஆயிடுச்சு" என்றான்.

அதற்கப்புறம் பல மாதங்கள், இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இல்லையென்று திருப்பி அனுப்பியவர்களின் கதைகளாகவே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் ஆரம்பித்த வாசிப்புதான். ஆனால் போகப்போக என்னைப் பிடித்துக்கொண்டது அந்த மோட்டார். எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் யாரோ ஒருவருக்கு மோட்டார் ரிப்பேர் ஆகியிருக்கிறது.

நம்ம பகுதியிலிருந்தே தொடங்கலாம். கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு, ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழாவும் எடுக்கிறது. நாங்கள் கிளம்பியதே அந்த விழாவுக்குத்தான். பாடிக்கொண்டு வந்தவர்களுக்கு ஓரி கொடுத்த கொடையில் அவர்கள் பாட்டையே மறந்துபோனார்கள் என்று வன்பரணர் புறநானூற்றில் சொல்கிறார். பக்கத்துத் தகடூரில் அதியமான். தகடூர்தான் இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர். அந்த அதியமானே ஒருமுறை பரிசில் தராமல் ஔவையாரைக் காக்கவைத்திருக்கிறான். ஔவை வாயில்காவலனிடம் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டு யாழையும் பையையும் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிறார். திறமை இருப்பவனுக்கு எங்கே போனாலும் சோறு உண்டு என்கிற தைரியம். பெருஞ்சித்திரனார் இன்னும் ஒருபடி மேலே. இளவெளிமான் அற்பமாக எதையோ கொடுக்க, அதை வாங்காமல் குமணனிடம் போய் யானை பரிசில் பெற்று, அந்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய ஒற்றை நட்சத்திர ரிவ்யூவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஔவைக்கும் பெருஞ்சித்திரனாருக்கும் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. அவர்கள் பாடினால் அது நிற்கும். பாடத் தெரியாமல் வெறுமனே நடந்து வந்தவனை என்ன செய்தார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை.

வெறுமனே நடந்து வந்தவனுக்காகக் கட்டப்பட்டவைதான் சத்திரங்கள். நாமக்கல்காரனுக்குத் திருச்சி என்றாலே சத்திரம் பஸ் ஸ்டாண்டுதான். அந்தச் சொல்லுக்குள் ஒரு கட்டடம் இருந்தது என்பதே ரொம்ப நாள் எனக்கு உறைக்கவில்லை. தமிழகத்தில் சத்திரத்துக்குப் பேர்போனது தஞ்சை. 1801-ல் சரபோஜி மன்னர் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் தன் முன்னோர் வைத்த சத்திரங்களைப் பற்றி விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு, சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசி பருப்பாக அளந்து கொடுப்பது, நோயாளிக்கு வைத்தியர், வந்த இடத்தில் இறந்துபோனால் ஈமக்கடன். கும்பினி இந்தச் சத்திரங்களைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இத்தனை விவரமும்.

இப்படி ஒரு தர்மத்தை ஏற்படுத்தியவர் செத்தபிறகு அவர் பேரன் கதவைச் சாத்திவிட்டால்? அதற்குத்தான் கல்வெட்டின் கடைசி வரிகள். இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தபோது ஏதோ சாபம் என்று கடந்து போயிருக்கிறேன். இப்போது பார்த்தால் அது ஒரு கேன்சலேஷன் பாலிசி. விருந்து கொடுக்கிறவன் பக்கத்துக்கு மட்டுமான பாலிசி, அபராதம் மறுபிறவியில் வசூல். நிறுவனர் இறந்தபிறகும் ஓடவேண்டிய நிரலுக்கு அந்தக் காலத்தில் இதைவிட வலுவான அமலாக்கம் கிடையாது.

அந்தச் சாபத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. தர்மத்தை நிறுத்தினால்தான் பாவம். தர்மத்தை இன்னாருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாவமில்லை. 1904 வாக்கில் ஈரோட்டிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பிய ஒரு வியாபாரி வீட்டு இளைஞர் காசியில் பசியோடு நின்றார். சத்திரச் சோறு பிராமணர்களுக்கு மட்டும். பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்திருக்கிறார், மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. வெளியே தள்ளப்பட்டு எச்சில் இலையில் மிச்சமிருந்ததைத் தின்றபோது, அந்தச் சத்திரத்தைக் கட்டியது தமிழ்நாட்டைச் சேர்ந்த பிராமணரல்லாத ஒரு வணிகர் என்பது அவர் கண்ணில் பட்டது என்று பெரியாரின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கட்டியவர் எந்தப் பாவத்துக்கும் ஆளாகியிருக்க மாட்டார்.

ஆங்கிலேயரின் பொதுச்சட்டம் இந்த விஷயத்தை வேறு வழியில் அணுகியது. சத்திரக்காரன் தன் வாசலைப் பொதுவில் திறந்து வைத்தவன். இடம் இருந்து, வழிப்போக்கன் காசு கொடுக்கவும் ஒழுங்காக இருக்கவும் தயாராக இருந்தால், தகுந்த காரணம் இல்லாமல் அவனை மறுக்கக்கூடாது. இருட்டில் ரோட்டில் விடப்பட்டவனைத் திருடர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதிலிருந்து பிறந்த விதி. கேட்க நன்றாக இருக்கிறது. "இடம் இருந்து" என்ற இரண்டு சொற்களுக்குள்தான் மோட்டார் ரிப்பேர் குடியிருக்கிறது.

1893-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து தள்ளப்பட்ட காந்தியை எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சில நாள் கழித்து அவர் ஜோகன்னஸ்பர்க்கில் கிராண்ட் நேஷனல் ஹோட்டலில் ரூம் கேட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மேனேஜர் அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். மன்னிக்கணும், எல்லா ரூமும் நிரம்பிவிட்டது என்றார். மரியாதையாக வழியனுப்பினார். காந்தி அப்துல் கனி சேட்டின் கடைக்குப் போய்ச் சொன்னபோது அவர் சிரித்திருக்கிறார், ஹோட்டலில் உமக்கு இடம் கொடுப்பார்கள் என்று எப்படி நினைத்தீர் என்று. ரயிலிலிருந்து தள்ளியவனுக்கு வரலாற்றில் இடமுண்டு. மரியாதையாகப் பொய் சொன்ன மேனேஜருக்கு இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே முக்கியமான கதை ஒரு கிரிக்கெட்காரருடையது. லியரி கான்ஸ்டன்டைன், டிரினிடாட்காரர், வெஸ்ட் இண்டீஸின் முதல் டெஸ்டில் ஆடியவர், அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த ஃபீல்டர் என்று பெயர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் நலத்துறை அதிகாரி. 1943 ஜூலை கடைசியில் லார்ட்ஸில் ஆடுவதற்காக லண்டன் ரஸல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலில் மனைவி, மகளோடு நாலு ராத்திரி தங்க புக் செய்தார். இரண்டு பவுண்டு அட்வான்ஸ். நான் கறுப்பன், அதனால் ஏதாவது பிரச்சினை வருமா என்று முன்கூட்டியே விசாரித்தும் வைத்தார். ஒன்றும் வராது என்றார்கள். போய் இறங்கியதும், இன்றைக்கு ஒரு ராத்திரி தங்கலாம், அதற்குமேல் முடியாது என்றார்கள். ஹோட்டலில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காது. ஹோட்டல் பொறுப்பில் இருந்த பெண்மணி இன்ன காரணம் என்று வாயைத் திறந்தே சொன்னார், கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல்லோடு. கூட வந்த அமைச்சக அதிகாரி வாதாடிப் பார்த்தார். கடைசியில் அதே கம்பெனியின் இன்னொரு ஹோட்டலுக்குப் போனார்கள்.

கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டார். மாற்று இடம்தான் கொடுத்தோமே என்றது ஹோட்டல். இன்றைய செயலிகள் கூப்பன் கொடுக்கிற மாதிரி. 1944 ஜூனில் நீதிபதி பிர்கெட் தீர்ப்புச் சொன்னார். சத்திரக்காரனின் கடமை மீறப்பட்டது, பண நஷ்டம் இல்லாவிட்டாலும் உரிமை மீறப்பட்டதே வழக்குக்குப் போதும். பெயரளவுக்கு ஐந்து கினி இழப்பீடு. நிறவெறிக்கு எதிராக ஒரு சட்டமும் இல்லாத நாட்டில், பழைய சத்திரக்காரன் விதியை வைத்தே ஜெயித்தார். பிரிட்டனின் இனஉறவுச் சட்டம் வர 1965 ஆனது.

நான் அந்த வழக்கைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தது அந்தப் பெண்மணியைப் பற்றித்தான். அவர் மட்டும் பாய்லர் ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பிக் பேர் மலையில் நடந்ததும் இதே கதை. கொரிய வம்சாவளிச் சட்ட மாணவி ஒருவர் ஏர்பிஎன்பியில் புக் பண்ணிவிட்டுப் பனிப்புயலில் போய்க்கொண்டிருக்கிறார், சேருவதற்குச் சில நிமிடம் முன்னால் வீட்டுக்காரி ரத்து செய்கிறார். ஏன் என்பதற்கு அவர் டைப் செய்த காரணம், நீ ஆசியக்காரி. மாநில அரசின் துறை விசாரித்து ஐயாயிரம் டாலர் அபராதமும், ஆசிய அமெரிக்கர் பற்றி ஒரு பாடத்திட்டம் படிக்கவேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தது. அங்கேயும் சிக்கியவர் காரணத்தை எழுத்தில் கொடுத்தவர். ஆவணக்காப்பகத்தில் இருப்பதெல்லாம் முட்டாள்களின் கதை. புத்திசாலிகள் மோட்டாரைச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு வரலாறு கிடையாது.

பொய்யைப் பிடிக்க வேண்டுமானால் நான் டீக்கடையில் செய்ததைத்தான் பெரிய அளவில் செய்யவேண்டும். செய்தார்கள். 2015-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு இடம் கேட்டு எழுதினார்கள். எல்லாக் கோரிக்கையும் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. நிறுவனமும் சில மாற்றங்கள் செய்தது. 2018-லிருந்து, புக்கிங்கை ஏற்றுக்கொண்ட பிறகே விருந்தாளியின் போட்டோ வீட்டுக்காரருக்குத் தெரியும். 2022-லிருந்து ஒரேகான் மாநிலத்தவர் புக் செய்தால் ஏற்கும்வரை பெயருக்குப் பதில் முதல் எழுத்து மட்டும். அதே வருஷம் ஆகஸ்டில், வீட்டுக்காரர் ரத்து செய்தால் அபராதம் என்று ஒரு கணக்கும் வந்தது. முப்பது நாளுக்கு முன்னால் என்றால் பத்து சதவீதம், கடைசி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் என்றால் ஐம்பது. காராம்பசு போய்ச் சதவீதம் வந்தது. (எங்களைக் கழற்றிவிட்டது இந்த நிறுவனம் அல்ல, வேறொரு செயலி.)

முதல் எழுத்து மட்டும் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நாம் 1929-லேயே செய்துவிட்டோம். செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். காசியில் வெளியே தள்ளப்பட்ட அதே ஈரோட்டுக்காரர் தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். 1944 ஆகஸ்டில், லண்டன் தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில், சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. இன்றைக்கு ஒரு தமிழ்நாட்டுப் பையனின் ப்ரொஃபைலைப் பார்த்தால் ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். பிற மாநில நண்பர்கள் எங்கள் முழுப்பெயரைக் கேட்டுக் குழம்புவதில் எனக்கு இன்னமும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

ஆனால் பெயரில் கிடைக்காததை வேறு வழியில் கேட்க நம்மாட்கள் கற்றுக்கொண்டார்கள். எந்தூரு, எந்தப் பக்கம், யாரு தோட்டம். மூன்று கேள்வியில் முடிந்துவிடும். கேட்கிற விதத்தில் குற்றம் சொல்லவே முடியாது, பாசமாக இருக்கும். என்னிடம் அந்தக் கேள்விகளை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள், நான் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பதில் சொன்னபின் கதவு திறக்கும். அது கதவுதான் என்பது அன்றைக்குக் காரவள்ளியில்தான் தெரிந்தது. முப்பத்தைந்து வயதில்.

அன்று எங்களில் ஒருவன், நல்ல மனசில்தான், என் பெயரில் ரூம் கிடைத்திருக்கிறதே, போய்விடலாமே என்றான். நண்பன் கேட்டான், "ரெண்டு நாளைக்கு நான் எந்தூருன்னு சொல்லட்டும்?"

1917-ல் அம்பேத்கர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார், பார்சி என்று. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வருகிறார். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சி விடுதிக்குப் போகிறார். அது பார்சிகளுக்கு மட்டுமானது. காப்பாளருக்கு வருமானம் வேண்டும், இவருக்கு இடம் வேண்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதுவது, நாளைக்கு ஒன்றரை ரூபாய் என்று ஒப்பந்தம். மாடியில் ஆளே இல்லாத பெரிய கூடம், தட்டுமுட்டுச் சாமான்கள், மங்கலான ஒரு விளக்கு. பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு மாடியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யவேண்டும். இரண்டு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர், நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர், மனைவியைக் கேட்கவேண்டும் என்றார். காமாத்தி பாக் என்ற பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அந்த இரண்டு நண்பர்களும்கூட நிஜக் காரணத்தைத் தங்கள் வாயால் சொல்லவில்லை. வேலைக்காரர்கள், மனைவி.

அவர் எழுதிக்கொடுத்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவில், கடை, பொது உணவகம், ஹோட்டல் இவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. மலைமேல் நாலு அறை வீடா ஹோட்டலா என்று கேட்டால், வாடகை வாங்கும்போது ஹோட்டல், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வீடு. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் இதைத் தெரிந்தே ஒரு சந்து விட்டது. வாடகைக்கு ஐந்து அறைக்கு மேல் இல்லாமல், உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்தால் அந்தச் சட்டம் செல்லாது. செயலிகள் வளர்ந்தது அந்தச் சந்துக்குள்தான்.

அன்றைக்கு நாங்கள் மலை ஏறவில்லை. நான் அந்த ரூம்காரருக்குத் திரும்பப் போன் செய்யவும் இல்லை. செய்து, உங்க மோட்டார் சரியாயிடுச்சுங்களா என்று கேட்டிருக்கலாம். தாத்தா பெயரைச் சொல்லிவிட்டேனே என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை நண்பனிடம் இதுவரை சொன்னதில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

சேந்தமங்கலம் வழியாக நாமக்கல்லுக்கு இறங்கி, ஒரு பழைய லாட்ஜில் இரண்டு ரூம் எடுத்தோம். மேனேஜர் டிவியில் கண்ணை வைத்துக்கொண்டே பதிவேட்டைத் தள்ளினார். பெயர், முகவரி, எங்கிருந்து வருகை, எங்கே செல்கிறார், வண்டி நம்பர். நண்பன் குனிந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினான். முகவரிக் கட்டத்தில் பெங்களூர் ஃபிளாட்டை எழுதப்போனவன் நிறுத்தி, ஆத்தூர் பக்கத்து ஊரையும் தெருவையும் கதவு எண்ணோடு முழுசாக எழுதினான். இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போயிற்று. மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆதார் ஜெராக்ஸ் இருந்தா குடுங்க சார், சுடுதண்ணி காலைல ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான்" என்றார்.